பன்னிரண்டு பேர், பதின்மூன்று குரல்

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மார்கழி. ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு போகிற வழியில், காப்பித் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. நானும் என் கணவரும் சேலத்திலிருந்து மேலே வந்து, மாடியில் மூன்று அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விட்டுப் பிழைக்கிறோம். சமையல் என் பொறுப்பு, கார் அவர் பொறுப்பு, வாய் இரண்டு பேருக்கும் பொது.

மார்கழிப் பனியில் வாசலில் நின்றால் தோட்டம் இருக்காது, தோட்டத்தில் நின்றால் வீடு இருக்காது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து தினமும் காலையில் ஒரு கூவல் கேட்கும். காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள் பன்னிரண்டு பேர். ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரியாது, காட்டெருமை வேறு நடமாடும். அதனால் ஒருத்தி "ஊ..." என்று தொடங்க, மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பதில் கூவுவார்கள். எல்லாக் குரலும் வந்த பிறகுதான் கை மறுபடி செடிக்குப் போகும்.

தூங்க முடியவில்லை என்று மாடியில் தங்கியிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். நான் நேரே போய், "ஏனுங்க, எங்க ஊட்டுப் பக்கம் மட்டும் கொஞ்சம் சத்தமில்லாம பறிக்கக் கூடாதுங்களா?" என்றேன்.

அவர்களில் மூத்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. "பனி எறங்குனா கூவித்தானுங்க ஆகோணும்" என்றவள், கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரிங்க, ரோட்டு வளைவு தாண்டுற வரைக்கும் பக்கத்துல பக்கத்துல நின்னு கூவாம பறிச்சுக்கறோம்" என்றாள். சாதித்துவிட்ட பெருமையோடு திரும்பி வந்தேன்.

ஒரு வாரம் போனது. ஒரு நாள் காலை ஆறரைக்கு, பால் வாங்க என் கணவர் காரில் ஏற்காடு கிளம்பினார். எட்டு மணியாகியும் வரவில்லை. பேச ஆள் கிடைத்தால் வீடு மறந்துபோகிற மனுஷன் என்று திட்டிக்கொண்டே இட்லி ஊற்றினேன். போன் அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. வாசலுக்கு வந்தேன். பனி. அதற்குள் எங்கோ தூரத்தில் பெண்களின் கூவல். என்றைக்கும் போல வரிசையாக வரவில்லை, எல்லாக் குரலும் ஒன்றாகக் கலந்து கேட்டது. வாசற்படி இறங்கினேன்.

பனியைப் பிளந்துகொண்டு அந்தச் சிலுவைக்காரி ஓடி வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "உங்க ஊட்டுக்காரருக்கு உசுரு இருக்குதுங்க. மொதல்ல அதக் கேட்டுக்குங்க. மத்ததப் பொறகு சொல்றேன்."

திரும்பி வரும்போது ரோட்டின் நடுவே காட்டெருமை நின்றிருக்கிறது. அவர் ஒடித்துத் திருப்ப, கார் சரிவில் உருண்டு, இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. கால் மாட்டிக்கொண்டதால் வெளியே வர முடியவில்லை. மேலே பஸ் போகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் கத்தியிருக்கிறார். யார் காதிலும் விழவில்லை. கடைசியில் தூக்கம் தூக்கமாக வந்ததாம். அப்போது கனவு போல ஒரு "ஊ..." கேட்டு, அவரும் கூவினார். பன்னிரண்டு பேருக்குப் பதின்மூன்று குரல் வந்ததும் பெண்கள் கூடையை இறக்கிவிட்டுத் தேடியிருக்கிறார்கள்.

பழம் கொட்டும் படுதாவில் படுக்கவைத்துத் தூக்கி வந்தார்கள். எஸ்டேட் ஜீப்பில் சேலம் கிளம்பினோம். அவர் தலை என் மடியில். தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார் டிரைவர். வாழ்நாளெல்லாம் ஓயாமல் பேசிய எனக்கு அன்று ஒரு வார்த்தை வரவில்லை. சாமி கும்பிடலாம் என்றால், எந்தச் சாமியின் பெயரும் நினைவில் இல்லை. அவர் காதருகே குனிந்து மெதுவாக "ஊ..." என்றேன். ஈனஸ்வரத்தில் "ஊ" என்றார்.

வெளியே ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. ஜீப் மிதக்கிறதா ஓடுகிறதா என்றுகூடத் தெரியவில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நான் கூப்பிட்டேன், அவர் பதில் சொன்னார். ஒரு வளைவில் பதில் வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அடுத்த வளைவிலும் இல்லை. அழுகையை விழுங்கிக்கொண்டு திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். பனி விலகி, கீழே சேலம் வெயிலில் தெரிந்தபோது அவர் உதடு அசைந்தது. "காது வலிக்குதுடி" என்றார்.

காலில் கம்பி, இரண்டு விலா எலும்பு முறிவு, அதோடு போயிற்று. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார்கள். எனக்கு மட்டும் உள்ளே ஒரு முள். கார் விழுந்த இடம் ரோட்டு வளைவைத் தாண்டி ஐம்பது அடிகூட இல்லை. வளைவுக்கு இந்தப் பக்கம் விழுந்திருந்தால், நான் வாயை மூடச் சொன்ன இடத்தில் கிடந்திருப்பார்.

அவர் ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியதும் சேர்வராயன் குகைக் கோயிலுக்குப் போனோம். குகைக்குள் குனிந்து நின்றேன். ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை, கண்ணீர்தான் வந்தது. திரும்பும் வழியில் தோட்டத்தில் இறங்கி அந்தப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்டேன். சிலுவைக்காரி சிரித்தாள். "அதெல்லாம் எதுக்குங்க. உங்க ஊட்டுக்காரரு கூவுனத கேட்டு நாங்க நொம்ப பயந்துட்டோம். பன்னின்னு நெனச்சுக் கல்லைக்கூடத் தூக்கிட்டோமுங்க."

இப்போது பழம் பறிக்கும் காலத்தில் முதல் கூவல் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே கேட்கிறது. தோசைக் கரண்டியோடு நானும் வாசலுக்கு வந்து பதில் கூவிவிட்டுப் போகிறேன். தங்க வருகிறவர்கள் விசித்திரமாகப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். கடவுளைப் பற்றி எனக்கு இன்றைக்கும் பெரிதாக ஒன்றும் தெரியாது. கண்ணுக்கு எதுவும் தெரியாத வெள்ளைக்குள் நின்று, பதில் வருகிற வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பதைத்தான் நான் இப்போது பிரார்த்தனை என்று நினைக்கிறேன்.