காலி டப்பா

கொம்பன் ஸ்டோர்காரரை முதன்முதலில் அடித்தது, அவர் உண்மையைச் சொன்னதற்காக. "பேரிங் இல்லண்ணே" என்றார். மறுநொடி அவர் முகம் இரும்பு அலமாரியில் மோதியது. கடைவாய்ப் பல் ஒன்று ரத்தத்தோடு தரையில் விழுந்தது. அன்று மதியமே பேரிங் வந்து சேர்ந்தது. எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அடித்தால் வருகிறது என்பதை மட்டும் எல்லாரும் மனதில் குறித்துக்கொண்டார்கள், முக்கியமாக மேனேஜர்.

பாரம் தூக்கும் செயின் பிளாக்குகளைச் செய்கிற தொழிற்சாலை அது. கொம்பன் அங்கே ஃபிட்டராகச் சேர்ந்தவன். அப்பனின் பெல்ட்டடியில் வளர்ந்தவன்; வாய் திறக்குமுன் கை நீண்டுவிடும். அந்தக் கையைப் பார்த்துத்தான் மேனேஜர் அவனைத் திட்டப் பிரிவுக்கு மாற்றினார்.

"கணக்கை கம்ப்யூட்டர் போட்டுக்கும்யா. அது கேக்குறதை நீ வாங்கிக் குடு, போதும்."

கணக்கும் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. இந்தத் தேதிக்கு இத்தனை பிளாக் என்று சொன்னால், கம்ப்யூட்டர் அதை மேலிருந்து கீழாகப் பிரித்துக்கொண்டே போகும். பிளாக்குக்குள் பிரேக். பிரேக்குக்குள் பல்சக்கரம். தூக்கிய பாரம் கீழே இறங்காமல் அந்தச் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்க ஒரு சின்ன இரும்பு நாக்கு. அந்த நாக்கை அழுத்தி நிறுத்த, விரல்நுனி அளவில் ஒரு ஸ்பிரிங். ஒவ்வொரு படியிலும் கேள்வி ஒன்றுதான்: எத்தனை வேண்டும், கையில் எத்தனை இருக்கிறது? இருப்பதைக் கழித்துவிட்டு, மீதிக்கு மட்டும், செய்துமுடிக்க ஆகும் நாளையும் பார்த்து முன்கூட்டியே ஆர்டர் போடச் சொல்லும். எத்தனை வேண்டும் என்பது கம்ப்யூட்டருக்கே தெரியும். எத்தனை இருக்கிறது என்பதை ஒரு மனிதர்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

அந்த மனிதர்தான் ஸ்டோர்காரர். கொம்பனைவிட வயதில் மூத்தவர். அடி வாங்கியதிலிருந்து அவர் கூப்பிடும் 'அண்ணே'யில் நடுக்கம் சேர்ந்துகொண்டது. பிறகு எதைக் கேட்டாலும் "இருக்குண்ணே" என்றார். லேத் பிரிவிலும் அதே பதில்தான். அங்கே ஒருவனுக்குக் கொம்பனால் விரல் நசுங்கியிருந்தது, காரணம் கேட்டால் மிஷின் என்பான். வீட்டிலும் அப்படியே. காய்ச்சலில் கொதிக்கும் மனைவி "நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். சுற்றியிருப்பவர்கள் தலையாட்டுவதை, காரியம் நடக்கிறது என்று நம்புவது எல்லா முரடர்களுக்கும் வாய்க்கும் குருட்டுத்தனம். கொம்பனுக்கும் வாய்த்திருந்தது.

அவனைக் கேலி செய்யத் துணிந்தவன் ஒருவன்தான். மனைவியின் தம்பி, சோதனைக் கூடத்தில் வேலை. "மாமா, ரெண்டு நாளா யாரையும் அடிக்கலையாமே? உடம்புக்கு ஏதும் முடியலையோன்னு அக்கா பயந்துபோச்சு" என்பான். கொம்பன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பான்.

அந்த மச்சினன்மேல்தான் பாரம் விழுந்தது.

பெரிய ஆர்டர். பிளாக்குகளெல்லாம் பெட்டியில் அடைபட்டு லாரி ஏறிவிட்டன. மிச்சமிருந்த கடைசி ஒன்றைச் சோதிக்க இரும்புக் கட்டிகளைத் தூக்கி நிறுத்தியபோது, உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். செயின் சரசரவென்று ஓடியது. கட்டிகள் மச்சினனின் முழங்காலுக்குக் கீழே, காலின்மேல் விழுந்தன. எலும்பு முறிந்த சத்தம் வாசல்வரை கேட்டது. கடப்பாரை போட்டு நெம்பி அவனை இழுத்தெடுத்தது கொம்பன்தான். கால் இருந்த இடத்தில் துணியும் சதையும் பிரித்தறிய முடியாமல் கிடந்தன.

ஆம்புலன்ஸ் போனதும் அந்த பிளாக்கைச் சம்மட்டியால் பிளந்தான். ஸ்பிரிங் இரண்டாக ஒடிந்திருந்தது. முனையில் சிவப்புப் பெயின்ட். தேறாது என்று ஒதுக்கிய சரக்குக்குத்தான் அந்த அடையாளம்.

"லாரியை நிறுத்துங்க" என்றான் மேனேஜரிடம்.

"எந்தெந்தப் பெட்டின்னு சொல்லு, அதை இறக்கிடலாம். ஒண்ணு ஒடிஞ்சதுக்காக மொத்தத்தையும் நிறுத்தச் சொல்றியா? டிரைவர் டீ குடிச்சு முடிச்சதும் வண்டி கிளம்பும்."

கொம்பன் ஸ்டோருக்கு ஓடினான். ஸ்டோர்காரரைச் சட்டையோடு தூக்கிச் சுவரில் சாத்தினான்.

"யோவ், ஸ்பிரிங் இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சுண்ணே."

அறை விழுந்தது.

"பாதிதான் இருந்துச்சுண்ணே."

இன்னொன்று. உதடு கிழிந்தது.

"உங்களுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு இருந்துச்சுண்ணே!"

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. இந்த வாயிலிருந்து உண்மையை அடித்து வாங்க முடியாது. அடிக்கு ஏற்ற பதில்தான் வரும். இதைப் புரிந்துகொள்ள அவனுக்கு ஒரு கால் செலவாகியிருந்தது, அதுவும் தன் கால் அல்ல. சட்டையை விட்டான்.

"சொல்லுங்க. அடிக்க மாட்டேன்."

"என்ன, திடீர்னு மரியாதை?" ஸ்டோர்காரர் ரத்தத்தைத் துப்பினார். மேசையில் ஒரு பெரிய ஸ்பானர் கிடந்தது. அதை எடுத்து, இத்தனை நாள் வாங்கியதற்கெல்லாம் சேர்த்து ஒரே வீச்சாக வீசினார். கொம்பனின் மூக்கெலும்பு நொறுங்கியது. அவன் வலது கை தானாக எழுந்தது; இடது கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இரண்டாவது அடி தோளில் இறங்கியது. அதையும் வாங்கிக்கொண்டு நின்றான்.

ஸ்பானர் கீழே விழுந்தது.

"ஒண்ணுகூட இல்லடா! டப்பா காலி. காலின்னு சொன்னா மிச்சப் பல்லும் போகும். அதான் நிறைய இருக்குன்னு சொன்னேன். கம்ப்யூட்டர் நம்பிருச்சு, ஆர்டரே போடல. நீ வந்து கேட்டப்போ கழிச்சுப் போட்ட தொட்டியிலேர்ந்து அள்ளிக் குடுத்தேன். எல்லாத்துலயும் அதான் இருக்கு. எல்லாத்துலயும்!"

கொம்பன் முகமெல்லாம் ரத்தத்தோடு வாசலுக்கு ஓடி வந்து சொன்னபோது, மேனேஜர் நம்பவில்லை; வாய்விட்டுச் சிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

"அடி தாங்காம உளறியிருப்பான்யா. நீ கேட்டா, அவங்கவங்க அப்பன் பேரைக்கூட மாத்திச் சொல்லுவாங்க."

"சார், அடி வாங்கினது நான்."

"உன்னை அடிக்க இங்க எவனுக்குத் தைரியம் இருக்கு? போய் மூஞ்சியைக் கழுவு."

நியாயமான பதில்தான். அந்த நம்பிக்கையை ஆண்டுக்கணக்கில் உருட்டித் திரட்டியவனே கொம்பன்தான்.

லாரி உறுமத் தொடங்கியது. அவன் சம்மட்டியோடு பின்பக்கம் ஏறினான். முதல் பெட்டியின் பலகை சிதறியது. அடுத்த அடியில் பிளாக்கின் வார்ப்பு மூடி வெடித்தது. காவலாளிகள் தாவி ஏறினார்கள். ஒரு தடி முதுகில் விழுந்தது, இன்னொன்று காதோரம். அவன் திரும்பி யாரையும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் சம்மட்டியைப் பிடுங்க அவர்களுக்கு வாகாக இருந்திருக்கும். குனிந்து, அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி. முழங்கை ஒடிந்ததும் ஒற்றைக் கையால் ஓங்கினான். ஸ்டோர்காரர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வரவில்லை, வர வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

மேனேஜர் வண்டியை எடு, எடு என்று கத்தினார். டிரைவர் இறங்கிவந்து உடைந்த இரும்பைப் பார்த்தார், தடியடிக்குக் கீழே இன்னும் ஓங்கிக்கொண்டிருந்தவனைப் பார்த்தார்.

"இதைக் கொண்டுபோய் எவன்கிட்ட சார் இறக்குறது?" என்று கேட்டுவிட்டு, இன்ஜினை அணைத்தார்.