இரண்டு ஊர் ராகு காலம்

இன்றைக்கும் அலுவலகத்தில் ஓர் இணையப் பக்கம் தானாகத் திறக்கும்போது எனக்கு அத்தானின் கைகள்தான் ஞாபகத்துக்கு வரும். யாரும் தொடாமலே திகதிப் பெட்டி விரிவதை முதன்முதலாகக் கண்டவர், தானே எதையோ தட்டிவிட்டதாகப் பயந்து இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

அத்தான் என் அக்காவின் கணவர். லூயிஷாமில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அப்போது யாழ்ப்பாணத்தில் அவருடைய ஐயா படுத்த படுக்கையாகக் கிடந்தார். இங்கே அத்தானின் பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டிருந்தது. அவசரமாகப் புதுப்பிக்க, பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு நேரில் போக இணையத்தில் நேரம் பதிய வேண்டும். ஒரு நேரம் தலைகாட்டும், கை வைப்பதற்குள் மறைந்துவிடும். இணையப் பக்கங்களைப் பைதன் என்ற கணினி மொழியில் எழுதிய நிரலால் இயக்கிச் சோதிப்பதுதான் என் உத்தியோகம். அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, நேரம் தெரிந்ததும் பொத்தானை அமுக்கும் நிரல் ஒன்றை எழுதினேன்.

“பிள்ளை, ராகு காலத்திலை வாற நேரத்தை மட்டும் பதியவேண்டாம் எண்டு அதுக்குச் சொல்லு” என்றார்.

“எந்த ராகு காலம் அத்தான்? லண்டனோ, யாழ்ப்பாணமோ?” என்று பகிடியாகக் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. “போற காரியம் அங்கையெல்லோ. ரெண்டையும் விலத்தட்டும்.”

வாதாடிப் பார்த்தேன். கேட்கிற ஆளில்லை. கடைசியில் இரண்டு ஊர் ராகு காலத்தையும் நிரலில் எழுதினேன். அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரயிலில் நின்றாலும் சமைத்தாலும் நிரல் தகவல் அனுப்பும் போனிலேயே கண் கிடந்தது. ஒருநாள், அடுத்த வியாழக்கிழமை காலை ஒன்பதே காலுக்குப் போகும்படி ஒரு நேரம் விழுந்தது. லண்டனில் நல்ல நேரம். யாழ்ப்பாணத்தில் அப்போது பிற்பகல், ராகு காலம். நிரல் சொன்னபடி விலகிப் போனது. பதறிப்போய் அத்தானை அழைத்தேன்.

“நான் கையால எடுக்கட்டோ?”

அவர் தயங்கினார். அந்தத் தயக்கத்துக்குள் வேறு யாரோ அதை எடுத்துவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“இன்னொண்டு வரும்” என்றார்.

வருவதற்குள் ஐயா போய்விட்டார். மூத்த மகன் வைக்கவேண்டிய கொள்ளியைத் தம்பி வைத்தார். கடைக்குப் பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று அத்தான் அதைப் போனில் பார்த்தார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்காவது போய்ச் சேரவேண்டும். மறுநாளே என் வீட்டுக்கு வந்து, “அந்த ராகு காலத்தைத் தூக்கு பிள்ளை” என்றார். அந்த வரிகளை அழித்துவிட்டு நிரலை ஓடவிட்டேன். அவர் உட்காரவே இல்லை. சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஒருவழியாகப் பொத்தான் அமுங்கியது.

“கிடைச்சிட்டுது அத்தான். காலமை...” என்று தொடங்கினேன்.

“நேரத்தைச் சொல்லாதை” என்றார் அவசரமாக. “திகதியை மட்டும் சொல்லு.”