உடன்பணியாளர் ஒருவர்

தொழிலாளர் உறவுகள் குறித்துப் பல்லாண்டுகள் கல்லூரியில் பாடம் சொன்ன எனக்கு, ஓய்வுக்குப் பின் வாய்த்தது உள்விசாரணை அலுவலர் பணி. தொழிலாளி ஒருவர்மீது நிர்வாகம் குற்றம் சாட்டினால், இரு தரப்பையும் சாராத வெளியார் ஒருவர் அமர்ந்து கேட்டு முடிவுரைக்க வேண்டும். அவ்வாறே திருவள்ளூரிலிருந்து பேருந்தேறி, கும்மிடிப்பூண்டியின் இரும்புக்கம்பி ஆலை ஒன்றுக்குச் சென்றிருந்தேன்.

குற்றம் சாட்டப்பட்டவர் கம்பி வெட்டும் எந்திரத்தை இயக்குபவர், நிரந்தரப் பணியாளர். பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிக்கும் குடும்பத்தவர். முகம் பார்த்து வருகையைப் பதியும் கருவி வாயிலுக்கு வந்தபிறகு, அவர் சொல்லாமல் சில நாள்கள் வராதது வெளிப்பட்டுவிட்டது. குற்றம் உறுதியானால் பணிநீக்கம் என்று எழுதியே கொடுத்திருந்தனர்.

விசாரணையில் தொழிலாளி தம் உடன்பணியாளர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. பெரும்பாலோர் வாதத்திறன் மிக்க சங்கத்தாரை அழைத்து வருவர். இவரோ, ஒடிசாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளியான இளைஞர் ஒருவரைத் தோளில் கைபோட்டு அழைத்து வந்தார்.

நிர்வாகத்தின் சார்பில் வாதிட வந்திருந்த மனிதவள அலுவலர் இளம்பெண். உடனே எழுந்தார்.

"ஐயா, இவர் காண்ட்ராக்டர் ஆளு. நம்ம கம்பெனி எம்ப்ளாயியே கெடையாது. உடன்பணியாளர்னு எப்படி உக்கார முடியும்?"

"இன்னாம்மா இப்டி சொல்றீங்க? ஒரே பட்டறையில ஒண்ணா வேகுறோம். ஒரே டப்பாவுல சோறு துன்றோம்" என்றார் குற்றம் சாட்டப்பட்ட மீனவர்.

ஒப்பந்தத் தொழிலாளியும் உடன்பணியாளரே என்று வகுப்பறைகளில் நான் ஓயாமல் வாதிட்டவன். உள்ளுக்குள் மகிழ்ந்தேன். ஆயினும், "ஆட்சேபணையைப் பிறகு முடிவு செய்வோம், இப்போது அமரட்டும்" என்று மட்டும் சொன்னேன்.

அமர்ந்தவர் அந்தக் கணமே எழுந்துவிட்டார்.

"சார், அண்ணன் மேல தப்பு இல்ல. அண்ணன் ஏரிக்குப் போச்சு. மெசின் நிக்கல. நான் தான் ஓட்னேன். எல்லா நாளும் நான் தான்!"

ஒப்பந்தத் தொழிலாளருக்கான வாயிலில் அந்தக் கருவி இல்லை. இவர் தம் ஓய்வுநாளிலும் அவ்வழியே வந்து நண்பரின் எந்திரத்தை இயக்கியிருக்கிறார். பயிற்சிச் சான்று இல்லாதவர் அதைத் தொடவே கூடாது. இச்சொற்கள் பதிவேறினால் ஒப்பந்தக்காரர் அன்று மாலையே அவரை வெளியேற்றிவிடுவார். சொல்லியவருக்கு மட்டும் அது விளங்கவில்லை. அண்ணனைக் காப்பாற்றிவிட்ட பெருமிதத்துடன் நின்றார்.

மீனவருக்கு விளங்கிவிட்டது. "டேய், உன்ன இன்னா சொல்லி கூட்டினு வந்தேன்? நான் நல்லவன்னு மட்டும் சொல்லுடான்னா..." என்றவர் என் பக்கம் திரும்பினார். "சார், அத எழுதிக்காதீங்க. நான் வரல, வேல நடக்கல, தப்பு என்துதான்னே எழுதிக்கங்க. இப்பதான் பொண்டாட்டிய ஊர்லேர்ந்து கூட்டினு வந்து ரூம் எடுத்துக்கிறான் சார். இவன உட்ருங்க."

மனிதவள அலுவலரைப் பார்த்தேன். நிர்வாகத்துக்கு இதைவிட வலுவான சான்று கிடைக்காது. அவரோ எழுதுகோலை மூடிவிட்டிருந்தார்.

"கையி போயிருந்தா யாரு பதில் சொல்றது?" என்று அந்த இளைஞரைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டார். பின்னர் என்னிடம், "ஐயா, என் ஆட்சேபணை இன்னும் அப்படியே இருக்கு. அதுக்கு முடிவு சொல்லிட்டு மேல போகலாமே. இவர் உடன்பணியாளர் இல்லன்னா, இங்க பேசினதும் பதிவுல வராது இல்லையா?"

வாழ்நாளெல்லாம் நான் மறுத்துப் பேசிய கருத்தை என் வாயாலேயே உரைக்கும்படி அந்தப் பெண் வேண்டினார். ஒரு கணம்தான் தயங்கினேன். "இவர் விதிப்படி உடன்பணியாளர் அல்லர், இவர் கூற்று பதிவில் இடம்பெறாது" என்றேன். இளைஞரை வெளியே அனுப்பினோம்.

பிறகு மீனவர் தனியே நின்று தம் காரணத்தைச் சொன்னார். ஏரியில் வலை கட்டும் இடங்களைக் குடும்பங்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. அம்முறையைப் பாடு என்பர். தம் பாடு வரும் நாளில் அந்தக் குடும்பத்து ஆண் ஒருவர் தண்ணீரில் நின்றாக வேண்டும். கூலியாளை அனுப்ப முடியாது. நோயுற்ற தந்தையார் படுக்கையில். இவர் போகாவிட்டால் குடும்பத்தின் முறை போய்விடும்.

"அப்போ லீவு கேக்க வேண்டியதுதானே?" என்றார் அலுவலர்.

"காச்சல்னா குடுப்பீங்க. செத்தா குடுப்பீங்க. எறா புடிக்கப் போறேன்னா சிரிக்க மாட்டீங்களா மேடம்?"

அலுவலர் சிரித்துவிட்டார். "சிரிச்சிட்டுக் குடுப்போம். உங்க முறை எப்போன்னு முன்னாடியே தெரியுமா?"

"ஊர்ல பேசி வெச்சிருவாங்க, தெரியும்."

வராமை உறுதியாயிற்று என்று எழுதினேன். எச்சரிக்கை போதும், பாடு நாள்களை முன்கூட்டித் தெரிவித்தால் விடுப்பளிக்கலாம் என்றும் பரிந்துரைத்தேன். நிர்வாகம் பின்னர் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அன்று நான் வெளியே வந்தபோது அது உறுதியில்லை.

வாயிலுக்கு எதிரே தேநீர்க்கடைப் பலகையில் இருவரும் இருந்தனர். இளைஞரின் முகம் வாடியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்தார்.

"சார், அப்போ நான் அண்ணன்கூட வேலை செய்ற ஆளு இல்லையா?"

அவரைக் காத்தது அந்தத் தீர்ப்பு. அவரைப் புண்படுத்தியதும் அதுவே. விதிகளையும் வழக்குகளையும் கற்றிருந்த எனக்கு, அதை அவருக்கு விளக்கும் எளிய தமிழ் வாய்க்கவில்லை.

"ஆளுதாம்பா" என்றேன். "உள்ளே சொன்னது வேறு."

"பேஜாரு பண்ணாதடா. அய்யா சொல்லிட்டாரு இல்ல? டீய குடி, ஆறிப்போவுது" என்ற மீனவர், பலகையில் நகர்ந்து அமர்ந்து எனக்கும் இடம் விட்டார்.