வளைந்த பென்னி

நெவில் பக்கன்ஹாமுக்கு வாரத்தில் மூன்று மணி நேரம்தான் சொந்தம். ஞாயிறு மதியம் மைத்துனி ஐரிஸ் வந்துவிட்டால், உலோகம் தேடும் கருவியைத் தூக்கிக்கொண்டு ரோஜர் லாக்கின் வயலுக்குப் போய்விடுவார். மற்ற நேரமெல்லாம் மனைவி பெரிலுக்கு. ஒன்பது வருடமாக அவளுக்குப் பார்க்கின்சன் நோய். குளிப்பாட்டுவதிலிருந்து படுக்கையில் புரட்டிவிடுவது வரை எல்லாம் அவர் கைதான்.

அந்த நவம்பரில், சர்க்கரைக் கிழங்கு பிடுங்கிய வயல் சேறாகிக் கிடந்தது. இரண்டு மணி நேரம் தேடியதில் தோட்டா உறைகளும் ஒரு டின் மூடியும்தான் கிடைத்தன. வேலியோரம் உட்கார்ந்தவருக்கு எழுந்திருக்கவே மனமில்லை. வீட்டுக்குப் போகாமல் இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. தோன்றியதும் வெட்கமாகிவிட்டது. எழுந்து நடந்தார்.

வயலின் வாசற்படலருகே கருவி கீச்சிட்டது. ஒரு சாண் தோண்டியதும் நகத்தளவு வெள்ளித்தகடு வந்தது. ஒரு பக்கம் சிலுவை, மறுபக்கம் ராஜா முகம். நடுவில் வளைந்திருந்தது. நிமிர்த்தலாம் என்று கட்டைவிரலை வைத்தார். குளிரில் விறைத்த விரல் மடங்கவில்லை. அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வயலுக்குச் சொந்தக்காரரான ரோஜர் பார்த்துவிட்டு, நீயே வைத்துக்கொள் என்றார்.

நாரிச் அருங்காட்சியகத்தில் கண்டெடுத்ததைப் பதிவு செய்த பெண், நல்லவேளை நிமிர்த்தவில்லை என்றாள். எழுநூறு வருடத்துக்கு முந்தைய பென்னிக் காசு. அந்தக் காலத்தில் வீட்டில் யாருக்காவது நோய் முற்றினால், புனிதர் ஒருவரை வேண்டிக்கொண்டு காசை வளைப்பார்களாம். பிறகு அவர் கோயிலில் கொண்டுபோய்ச் செலுத்துவார்களாம்.

அன்று மாலை பெரிலுக்கு சூப் ஊட்டிக்கொண்டே நெவில் இதைச் சொன்னார்.

"அப்புறம் பொழைச்சாங்களாமா?" என்று கேட்டாள் பெரில்.

"அது யாருக்குத் தெரியும்? காசு கோயிலுக்கே போய்ச் சேரலையே."

"கொண்டுபோனவன் பாதி வழியிலேயே ஓஞ்சு போயிருப்பான். பாவம்."

நெவில் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். "இந்தக் காசு கிடைச்ச அன்னைக்கு எனக்கு வீட்டுக்கு வரவே பிடிக்கல, பெரில்."

"உன் மூஞ்சியே சொல்லுச்சு," என்றாள் அவள். வார்த்தைகள் மெதுவாகத்தான் வந்தன. "இனிமே புதன்கிழமையும் வரச் சொல்லி ஐரிஸ்கிட்ட கேட்டுட்டேன். நீ வேணாம்னு சொல்லாத."

நெவில் துண்டை எடுத்தார். அவள் தாடையில் வழிந்ததைத் துடைத்துவிட்டார்.

புதன்கிழமை ஐரிஸ் வந்தாள். நெவில் வயலுக்குப் போகவில்லை. மாடிக்குப் போய், பூட்ஸைக்கூடக் கழற்றாமல், இருட்டும் வரை தூங்கினார்.