எழுபது வளைவும் ஒரு கையும்

கொல்லிமலையிலிருந்து இறங்கும் பேருந்தில், முன்னிருக்கை நர்ஸம்மா ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார்.

“ஏனுங்க, வாந்தி வருதுங்களா?”

“இல்ல கண்ணு, ஸ்பானிஷ். அடுத்த வாரம் பரிச்சை. பாஸானாத்தான் ஸ்பெயின்ல வேலை. அதுல ஒவ்வொரு பொருளும் ஒண்ணு ஆணு, இல்லீனா பொண்ணு; முன்னால ‘எல்’லா, ‘லா’வான்னு சரியாச் சொல்லோணும். வளைவுக்கு ஒண்ணு. தப்புனா மறுபடி மொதல்ல இருந்து.”

எழுபதில் அறுபத்தெட்டாவது வளைவு. ‘எல் மானோ’ என்றவர் நாக்கைக் கடித்து, ‘லா மானோ’ என்றார். மானோ என்றால் கையாம்.

“அதான் திருத்திட்டீங்களே!”

“ஊசி போடற கையவே தப்பாச் சொல்லலாமா, சாமி?”

அடிவாரத்தில் இறங்கியவர், மலையேறும் பேருந்தில் ஏறிக்கொண்டார். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போன நான், ஒருநாளும் இப்படிப் படித்ததில்லை.

அவர் தேறினாரா, தெரியாது. அந்த வளைவு வந்தால் என் வாய் தானாக ‘லா மானோ’ என்கிறது.