முதல் கூடை

இன்று தெருக்கோடியில் யாரோ உமி எரிக்க, அந்தப் புகையில் எனக்கு ரங்கூன் பசுந்தாங் ஆற்றோரத்து அரிசி மில் நினைவுக்கு வந்துவிட்டது. மூட்டை சுமந்தே அந்த மில்லுக்கு முதலாளியான பெரியவரின் நினைவாக, புது நெல் இறங்கும் நாளில் முதல் கூடையை அவர் வாரிசுதான் சுமக்க வேண்டும். அவர் பேரனான எங்கள் முதலாளியோ காரிலிருந்தபடியே கூடையைத் தொட்டு அனுப்புவார், உடனே மில் சங்கு ஊதும். ஒரு மில் நாலாகி, நெல் விலை விழுந்ததும் நாலும் கைமாறின. அடுத்த வருஷம் அதே நாளில் அவர் நடந்தே வந்து, நெல் சுமக்கும் என் அம்மாவிடம், "ஒரு கூடை நான் தூக்கட்டுமாம்மா?" என்றார். சும்மாடு சுருட்டத் தெரியாமல் பட்டுத் துண்டோடு அவர் திண்டாட, அம்மா தன் சும்மாட்டை அவர் தலையில் வைத்துக் கூடையை ஏற்றினாள். சங்கு ஊதவில்லை. "கழுத்தை நிமித்துங்க, முதலாளி," என்றாள்.