விழுந்தவனை எப்போது எழுப்புவது

துலுக்காணத்துக்கு விளையாட்டுக் கிறுக்கு பிடித்தபோது தலை பாதி நரைத்திருந்தது. கோவளம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்து, படகில் வலை இழுத்து, அலுத்துப்போய் ஸ்டியரிங் பிடித்த ஆள். சிறுசேரி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்குகிற வேன் அவனுடையது. அதாவது, ஓட்டுவது மட்டும் அவன். வண்டியில் ஏறுகிற எவனுக்கும் அவன் பேர் தெரியாது. "டிரைவர், ஏசி போடு", அவ்வளவுதான்.

ஹேமநாத் ஒருத்தன்தான் "அண்ணா" என்பான். அவன்தான் ஒரு சனிக்கிழமை ராஜகீழ்ப்பாக்கத்தில் பேக்கரி மாடியிலிருந்த லாசரஸின் பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போனான். நாலு பேர் நாலு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஒரே படையாகக் குகைக்குள் போய் ராட்சசர்களை அடிக்கிற ஆட்டம். ஹேமநாத் வாள்காரன், லாசரஸ் வில்லாளி, நெருப்பு மந்திரவாதி மகேஷ். மகேஷ்தான் தலைவன். காயம் ஆற்றுகிற வைத்தியன் வேலைக்கு எவனும் வராததால் அதை இவன் தலையில் கட்டினார்கள். அன்றிலிருந்து துலுக்காணம் "டாக்டர்". அந்தப் பேருக்காகவே வாரம் முழுக்கச் சனிக்கிழமையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹேமநாத்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான்.

"அடியெல்லாம் எனக்கு வரட்டும்ணா, நான் முன்னாடி நிப்பேன். நீங்க பின்னாடி சுவரோரம் நில்லுங்க. நாலு பேரும் ஒரே ராட்சசன அடிக்கணும். ஆளுக்கு ஒண்ண அடிச்சா ஒருத்தனும் சாகமாட்டான். அவங்க பக்கத்துலயும் ஒரு வைத்தியன் இருப்பான், அவன முதல்ல போடணும். நம்மாளு எவனாவது விழுந்துட்டா, சண்ட முடியறவரைக்கும் தொடாதீங்க. முடிச்சிட்டு எழுப்புங்க."

எல்லாம் ஏறியது, கடைசிப் பாடத்தைத் தவிர. படகிலிருந்து ஆள் விழுந்தால் வலையை அறுத்துவிட்டாவது ஆளைத் தூக்குவதுதான் குப்பத்து வழக்கம். வலை நிறைய மீன் போனாலும் ஏன் என்று ஒருத்தன் கேட்கமாட்டான். அந்தக் கை சும்மா இருக்குமா? முதல் பெரிய சண்டையில் ஹேமநாத் விழுந்ததும் சுவரை விட்டு ஓடினான். எழுப்புகிற மந்திரம் முடிய நேரம் பிடிக்கும். பாதியிலேயே ராட்சசன் இவனை நசுக்கினான். வைத்தியன் போனபின் மற்ற இருவரும் எத்தனை நேரம் தாங்குவார்கள்?

"யோவ் டாக்டர்! இன்னா மீனா புடிச்சிகினு கீற?" மகேஷ் கத்தியதில் சென்டரே திரும்பிப் பார்த்தது. "பொணத்தக் கண்டா ஓடுவியா? நீ சாவுறதுக்கு எங்களயும் ஏன்யா இட்டுகினு போற?"

"நாத்தம் அடிக்கும்போதே நெனச்சேன்," என்றான் லாசரஸ். எல்லோரும் சிரித்தார்கள்.

"விடு மச்சான், கத்துக்குவாரு," என்றது ஹேமநாத் மட்டும்.

கத்துக்கொண்டான்.

மழைக்காலத்தில் மேடவாக்கத்து சென்டர்காரர்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி வைத்தார்கள். மகேஷ் தன் மச்சினன் ராஜகோபாலை நாலு பேரில் ஒருவனாக நுழைத்துவிட்டான். ஒருத்தன் கழல வேண்டும். ஹேமநாத்தா, துலுக்காணமா?

"இந்தக் குகையில கடைசியா இருக்கிற பொதையல் பொட்டிய நான் தொறக்கறப்ப எவன் சாவாம நிக்கிறானோ, அவன் ஞாயித்துக்கெழம வரட்டும்," என்றான் மகேஷ்.

"ரெண்டு பேரும் நின்னா?"

"அப்ப டாக்டருக்கு டாட்டா. அவரு போய் வேன் கழுவட்டும்."

ஆட்டம் தொடங்கியது. கடைசி அறையில் பெரிய ராட்சசன் சுவரோரம் நின்ற துலுக்காணத்தைக் குறிவைத்து வந்தான். ஹேமநாத் குறுக்கே பாய்ந்து ராட்சசனைத் தன் பக்கம் இழுத்தான். இவனுக்கு வந்த அடியெல்லாம் வாங்கி விழுந்தான். அவன் திரை சாம்பல் நிறமானது.

"பதறாதீங்கண்ணா, முடிச்சிட்டு எழுப்புங்க," என்றான் ஹேமநாத்.

துலுக்காணம் பதறவில்லை. இருந்த இடத்திலிருந்தே மகேஷின் காயத்தை ஆற்றினான். நெருப்பும் அம்பும் மாறி மாறிப் பாய்ந்து ராட்சசன் சரிந்தான். குகையில் அடிக்க ஆளில்லை. மந்திரம் தயாராக இருந்தது. ஒரு சொடுக்கு போதும்.

மகேஷ் பெட்டியை நோக்கி வேண்டுமென்றே மெதுவாக நடந்தான். "இன்னா டாக்டர், சண்டதான் முடிஞ்சிட்ச்சே. எழுப்பலயா?" என்று இளித்தான்.

"எழுப்புங்கண்ணா," என்றான் ஹேமநாத்.

துலுக்காணம் மவுஸிலிருந்து கையை எடுத்து பேண்ட்டில் துடைத்துக்கொண்டான்.

"அண்ணா, கேக்குதா? சண்ட முடிஞ்சிருச்சு. எழுப்புங்க."

துலுக்காணம் தன் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மகேஷ் பெட்டியைத் திறந்தான்.

"டாக்டர் பாஸாயிட்டாருடா!" மகேஷ் மேசையைத் தட்டினான். "சொல்லிக்குடுத்தவனயே பொதைச்சிட்டாரு பாரு!"

லாசரஸ் இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஹேமநாத் ஹெட்போனைக் கழற்றி வைத்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான்.

துலுக்காணம் மகேஷ் பக்கம் நாற்காலியைத் திருப்பினான்.

"ஞாயித்துக்கெழம எத்தினி மணிக்கு வர்ணும்?"